ஃபேரூன் வட்டாரங்களும் விதிகளும்: டிஎம்களும் ஆட்டக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகில், பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடும் மேசைகளில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கதையை நடத்துபவர்தான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்). விதி என்று வரும் இடமெல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பையே குறிக்கிறோம். 2024 திருத்தம் சில இடங்களில் வேறுபடும்; களைப்பு விதியில் மட்டும் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். பின்னால் வரும் கேள்விகள் முன்னால் சொன்னதைச் சார்ந்தவை. அதனால் புதியவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்னா என்ன, ஃபேரூன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானா?

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்பது ஆட்ட உலகத்தின் பெயர். அதிலுள்ள கோளின் பெயர் டோரில். அந்தக் கோளில் ஒரு கண்டம் ஃபேரூன். எட் கிரீன்வுட் சிறு வயதிலேயே கற்பனை செய்யத் தொடங்கிய இந்த உலகம், 1987இல் டி அண்ட் டிக்கான பெட்டித் தொகுப்பாக வெளிவந்தது. ஐந்தாம் பதிப்பின் கதைகளில் பல நடப்பது ஃபேரூனின் மேற்குக் கடலோரமான சோர்டு கோஸ்டில். வாட்டர்டீப், நெவர்விண்டர், பால்டர்ஸ் கேட் மூன்றும் அந்தப் பக்கத்து ஊர்கள்தான்.

லோர் வேற, ரூல் வேறன்னு சொல்றாங்க. எது எதுன்னு எப்படிப் பிரிக்கறது?

லோர் என்பது உலகத்தின் கதைத் தகவல், ரூல் என்பது ஆட்ட விதி. பிரிக்க, மீற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கடுங்குளிரில் மணிக்கு ஒரு முறை கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் இருபது முகப் பகடை உருட்டல்) உருட்ட வேண்டும் என்பது விதி. கதாபாத்திரம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது நடக்கும். கோர்மிர் நாட்டில் வாளைக் கட்டி வைத்துத்தான் நடமாட வேண்டும் என்பது லோர். அதை மீறலாம், மீறினால் காவலர்கள் வருவார்கள். நாட்டின் சட்டம், மதம், வழக்கம், வதந்தி எல்லாம் இந்த இரண்டாவது வகை.

மேசையில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்புவதால் வருபவை. "இந்த ஊரில் மந்திரம் போடக் கூடாது" என்று டிஎம் சொன்னால், அது "போட்டால் வேலை செய்யாது" என்பதா, "போட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள்" என்பதா? அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டால் ஆட்டக்காரர் தப்பான கணக்குப் போடுவார். சொல்லும்போதே எந்த வகை என்று சொல்லிவிடுங்கள்.

எந்த வருஷத்துல கதை நடக்குதுன்னு முடிவு பண்ணணுமா? சும்மா ஆடக் கூடாதா?

சும்மா ஆடலாம், ஆனால் மூன்றாவது அமர்வுக்குள் யாராவது ஒரு ஊரைப் பற்றி இணையத்தில் தேடி, உங்கள் கதைக்கு எண்பது வருஷம் முந்தைய தகவலோடு வருவார். ஆகவே முதல் நாளே ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுங்கள். ஃபேரூனில் பரவலாகப் பயன்படும் ஆண்டுக்கணக்கு டேல் ரெக்கனிங். 1358இல் கடவுள்கள் மண்ணில் நடந்த இக்கட்டுக் காலம் வந்தது. 1385இல் மந்திரத்தின் தேவி மிஸ்ட்ரா கொல்லப்பட்டு ஸ்பெல்பிளேக் என்ற மந்திரப் பேரழிவு வெடித்தது. 1451இல் ஹோட்டனோ எரிமலை வெடித்து நெவர்விண்டர் பாழானது. 1480களில் நடந்த இரண்டாம் பிளவு, ஸ்பெல்பிளேக் கலைத்துப் போட்டதில் பலவற்றைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தது. ஐந்தாம் பதிப்பின் கதைகள் பெரும்பாலும் 1489ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும் நடக்கின்றன.

நெவர்விண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1440களில் அது முழு நகரம். 1460களில் இடிபாடு. 1490இல் மீண்டும் கட்டப்பட்டுவரும் ஊர். ஒரே பெயருக்கு மூன்று வெவ்வேறு கதைக்களங்கள். தயக்கம் இருந்தால் 1490 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள ஐந்தாம் பதிப்புப் புத்தகங்களோடு அதிகம் இடிக்காது.

பழைய புக்ல ஒண்ணு போட்டிருக்கு, புது புக்ல வேற போட்டிருக்கு. எதை நம்பறது?

முதலில் வருஷத்தைப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு காலத்தைச் சொல்வதால் இரண்டுமே சரியாக இருப்பதுண்டு. உண்மையிலேயே இடித்தால், பதிப்பாளர் தரப்பின் நிலைப்பாடு தெளிவானது: 2014க்குப் பின் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்ட வெளியீடுகளில் இருப்பது மட்டுமே அதன் அதிகாரபூர்வ லோர் என்று 2021இல் அறிவித்தார்கள். பழைய பதிப்புகளும் நாவல்களும் அந்தக் கணக்கில் வராது.

அதற்காகப் பழைய புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கோர்மிர் போன்ற நாடுகளைப் பற்றி 2001இல் வந்த மூன்றாம் பதிப்பில் கிடைக்கும் நுணுக்கம் புதியவற்றில் இல்லை. லோரைப் பழையதிலிருந்தும் எண்களைப் புதியதிலிருந்தும் எடுங்கள். பழைய எண்களைக் கொண்டுவந்தால் சமநிலை கெடும், ஏனென்றால் அந்தப் பதிப்புகளில் போனஸ்கள் வளரும் வேகமே வேறு.

நாள்கணக்கு, பண்டிகை இதெல்லாம் நிஜமாவே தேவையா?

தேவை. அதுவும் சுலபமானது. ஹார்ப்டோஸ் நாட்காட்டியில் 12 மாதங்கள், மாதத்துக்கு 30 நாள். வாரம் கிடையாது, பத்து நாள் கொண்ட 'டென்டே' மூன்று சேர்ந்தால் ஒரு மாதம். மாதங்களுக்கு இடையில் ஐந்து பண்டிகை நாட்கள் தனியாக நிற்கும்: மிட்விண்டர், கிரீன்கிராஸ், மிட்சம்மர், ஹைஹார்வெஸ்டைட், நிலவு விருந்து. ஆக 365. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மிட்சம்மருக்கு மறுநாள் ஷீல்ட்மீட் சேரும். நான்கால் மீதியின்றி வகுபடும் ஆண்டுகளில் அது வரும். 1488, 1492 இரண்டிலும் உண்டு.

ஒரு தாளில் நாளைக் குறித்துக்கொண்டே வந்தால் போதும். உயிர்ப்பிக்கும் மந்திரத்தின் கெடு, கடன் தவணை, பனி எப்போது உருகும் என்பதெல்லாம் அந்தத் தாளிலிருந்தே வந்துவிடும்.

புது நாட்டுக்குப் போகப் போறாங்க. டிஎம் எவ்வளவு எழுதி வெச்சிருக்கணும்?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆள்பவர் யார், எதைத் தடுக்கிறார், தடையை மீறினால் முதலில் வருவது யார்? கையிலிருக்கும் காசு செல்லுமா? இயற்கையில் எது ஆபத்து, அதற்கான விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? தெருவில் என்ன பேசுகிறார்கள், எந்தக் கோயில் பெரிது? கடந்த ஒரு வருஷத்தில் என்ன மாறியது? இவற்றுக்கு விடை இருந்தால் இரண்டு மூன்று அமர்வுகள் ஓடும்.

எழுதிய ஒவ்வொரு வரியும் ஆட்டக்காரரின் ஏதாவது ஒரு முடிவை மாற்ற வேண்டும். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அரசனின் பெயர் எந்த முடிவையும் மாற்றாது. "மேல் நகரத்தில் இரவு தங்க முடியாது" என்பது மாற்றும். பால்டர்ஸ் கேட்டில் பொழுது சாய்ந்ததும் அங்கே வசிக்காதவர்களை, உரிய அடையாளம் இல்லாவிட்டால், மேல் நகரத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். எங்கே படுப்பது, எந்நேரத்தில் திருடப் போவது, யாருடைய தயவைத் தேடுவது என்று மூன்று முடிவுகளை அந்த ஒரே வரி மாற்றுகிறது.

எல்லா நாட்டுலயும் ஒரே தங்கக் காசுதானா?

கணக்குக்கு ஆமாம். விதிப்படி எங்கும் 10 செம்பு ஒரு வெள்ளி, 10 வெள்ளி ஒரு தங்கம், 10 தங்கம் ஒரு பிளாட்டினம். பெயர்தான் மாறும். வாட்டர்டீப்பில் செம்பு 'நிப்', வெள்ளி 'ஷார்டு', தங்கம் 'டிராகன்'. கோர்மிரில் தங்கம் 'லயன்'.

வாட்டர்டீப்பின் 'டோல்' மட்டும் தனி. சதுரமான பித்தளைக் காசு. நகரத்துக்குள் இரண்டு தங்கத்துக்குச் சமம், வெளியே வெறும் உலோக விலைதான். கூலியை டோலாகக் கொடுத்தால் ஆட்டக்காரர்கள் ஊரை விட்டுப் போகுமுன் செலவழிக்கப் பார்ப்பார்கள். இதைக் கூலி பேசும்போதே சொல்லுங்கள். ஊரைத் தாண்டிய பிறகு "அது செல்லாது" என்றால் அவர்களை ஏமாற்றியது வணிகன் அல்ல, நீங்கள்தான்.

எல்லாருக்கும் காமன் மொழி தெரியும்னா வட்டார மொழி எதுக்கு?

காமன் என்பது சந்தை மொழி. பேரம் பேசலாம், வழி கேட்கலாம். வட்டார மொழி வீட்டு மொழி: வடமேற்கில் இல்லஸ்கன், கிழக்கில் டமாரன், பல வணிக நாடுகளில் சொண்டாதன், காலிம்ஷானில் ஆல்செடோ, சல்ட் காட்டில் சல்டன். ஒவ்வொரு மனிதக் கதாபாத்திரத்துக்கும் பிறந்த ஊரின் மொழியை இலவசமாகக் கொடுத்துவிடுவது நல்ல வழக்கம். ஆட்டச் சமநிலையில் ஒன்றும் குறையாது.

பேச்சுக்கெல்லாம் மொழிச் சோதனை வைத்தால் சீக்கிரமே சலித்துவிடும். காமனில் பேசினால் வழக்கம்போல் நடக்கட்டும்; வட்டார மொழியில் பேசினால் முதல் பெர்சுவேஷன் (பேசி இணங்க வைக்கும்) உருட்டலுக்கு அட்வான்டேஜ் கொடுங்கள், அதாவது இரண்டு பகடையில் பெரியதை எடுக்கட்டும். பக்கத்து மேசையில் வீட்டு மொழியில் பேசிக்கொள்வதை, அந்த மொழி தெரிந்தவர் மட்டும் கேட்டுப் புரிந்துகொள்ளட்டும்.

கோர்மிர்ல சட்டம் ரொம்பக் கெடுபிடின்னு கேள்விப்பட்டோம். என்னென்ன, ஆட்டத்துல எப்படிக் கொண்டுவர்றது?

மூன்றாம் பதிப்பு தரும் பட்டியல் இது: குழுவாக இயங்கும் சாகசக்காரர்கள் அரச சாசனம் வாங்க வேண்டும், ஆயுதங்களை உறையோடு கட்டி வைக்க வேண்டும், பிரபுக்களுக்குத் தலைவணங்க வேண்டும், பர்ப்பிள் டிராகன் படையினர் கேட்டால் சோதனைக்கு உட்பட வேண்டும், வெளிநாட்டுக் காசு குறிப்பிட்ட இடங்களில்தான் செல்லும், தனியார் நிலத்தில் வேட்டை கூடாது, வேண்டுமென்றே பூனைகளைத் துன்புறுத்தக் கூடாது. கடைசியைப் பலர் கிண்டல் என்று நினைக்கிறார்கள், அதுவும் சட்டம்தான்.

இவற்றில் விதியாக மாற்ற வேண்டியது ஆயுதக் கட்டு ஒன்றுதான். சாதாரணமாக ஒரு வாளை உருவுவது அந்தச் சுற்றில் இலவசமாகக் கிடைக்கும் பொருள் கையாளலில் அடங்கிவிடும். கட்டியிருந்தால் அவிழ்க்க, அந்தச் சுற்றின் முக்கியச் செயலான ஒரு ஆக்‌ஷன் ஆகும் என்று வையுங்கள். டிசி (எட்ட வேண்டிய எண்) 15 வைத்து ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைச்சாமர்த்தியம்) வென்றால், சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். இது மேசை ஏற்பாடு, புத்தக விதி அல்ல.

இதில் நேரும் பெரிய கோளாறு: வாள் வீரர் முதல் சுற்றை இழக்கிறார், மந்திரவாதி எதையும் இழப்பதில்லை. இரண்டு சண்டைக்குள் வாள் வீரராக ஆடுபவருக்கு நாடே வெறுத்துவிடும். அதனால் கோல், மந்திரக்குச்சி, மூலிகைப் பை எல்லாவற்றுக்கும் அதே கட்டு என்று வைத்துவிடுங்கள். வார் விசார்டுகள் என்ற அரச மந்திரவாதிகளை வைத்திருக்கும் அரசு மந்திரக்கோலைச் சும்மா விடுமென்று நம்புவது கடினம். எதிரிகளும் ஊருக்குள் அதே கட்டோடு இருக்க வேண்டும். சாசனம் பெற்ற குழுவுக்கு மட்டும் சில சாலைகளில் விலக்கு கொடுத்தால், சாசனத்தை அவர்களே தேடிப் போவார்கள்.

ஆம்ன்ல உரிமம் இல்லாம ஆர்கேன் மந்திரம் போடக் கூடாதாமே. நான் கிளெரிக், என்னையும் பிடிப்பாங்களா?

ஆம்ன் நாட்டில் கவுல்ட் விசார்டுகள் என்ற மந்திரவாதிக் குழுவின் கட்டுப்பாடு, கடவுளிடமிருந்து வராத ஆர்கேன் மந்திரத்துக்குத்தான். கிளெரிக் கடவுளிடமிருந்து பெறும் கோயில் அருளுக்கு இல்லை. ஆனால் தெருவில் நிற்கும் காவலருக்கு வித்தியாசம் தெரியுமா என்பதே கேள்வி. சொல்லோ கையசைவோ உள்ள மந்திரம் போடப்படுவதைப் பார்ப்பவர் அறிவார், எந்த மந்திரம் என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு விருப்ப விதி உண்டு: உடனடி எதிர்ச்செயலான ரியாக்‌ஷன் செலவழித்து மந்திர அறிவைப் பார்க்கும் ஆர்கானா சோதனை, டிசி 15 கூட்டல் மந்திரத்தின் நிலை. சாதாரணக் காவலர் இதில் வெல்வது அரிது.

ஆகவே கிளெரிக் தன் புனிதச் சின்னத்தை எல்லார் கண்ணிலும் படும்படி உயர்த்திப் பிடிப்பதே பாதுகாப்பு. சின்னம் தெரிந்தால் காவலர் விலகட்டும். சட்டைக்குள் இருந்தால் விசாரணைக்கு அழைக்கட்டும். சப்டில் ஸ்பெல் என்ற திறன் தெரிந்த சோர்சரர் (பிறவி மந்திரவாதி) சொல்லையும் கையசைவையும் மறைக்கலாம். ஆனால் நெருப்புப் பந்து எங்கிருந்து கிளம்பியது என்பதை மறைக்க முடியாது. பார்டு, வார்லாக் என்ற மற்ற மந்திரக்கார வகையினர் இருவரையும் காவலர் விசார்டுபோலவே நடத்துவார். அவர்களுக்குப் போலிச் சின்னம் வைத்துக்கொள்ளும் ஆசை வரும், வரட்டும். கோயிலைச் சேர்ந்த ஒருவர் கேள்வி கேட்கும் காட்சி உங்களுக்குக் கிடைக்கும்.

வாட்டர்டீப்ல காவல் அதிகாரிய சார்ம் பர்சன் போட்டு மயக்கினா தப்பா?

தப்புதான். அந்த நகரத்தின் சட்டத் தொகுப்பில், அதிகாரி ஒருவரை அவர் சம்மதமின்றி மந்திரத்தால் வசப்படுத்துவது தனிக் குற்றம். விதியும் இங்கே சட்டத்துக்கு உதவுகிறது: சார்ம் பர்சன் அதிகபட்சம் ஒரு மணி நேரம், முடிந்ததும் தன்னை மயக்கியது யார் என்பது மயங்கியவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்பதுதான் மிச்சமுள்ள கணக்கு.

ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு எத்தனை நாள்?

நாளுக்கு எட்டு மணி நேர நடையில் சாதாரண வேகம் 24 மைல், வேகமாகப் போனால் 30, மெதுவாக 18. வேகநடையில் பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் திறன்) 5 குறையும். மெதுநடையில் பதுங்கிப் போகலாம். காடு, சதுப்பு, மலை என்றால் தூரம் பாதி. 240 மைல் நல்ல சாலை என்றால் சாதாரணமாக 10 நாள், அதாவது ஒரு டென்டே. வேகமாக 8 நாள். மெதுவாகப் போனால் பதினான்காம் நாள்தான் சேரும்.

எட்டு மணிக்கு மேல் நடந்தால் கூடுதல் ஒவ்வொரு மணி முடிவிலும் கான்ஸ்டிடியூஷன் சேவ். டிசி 10 கூட்டல் கூடுதல் மணிகளின் எண்ணிக்கை. தோற்றால் ஒரு களைப்பு நிலை. குதிரை வைத்திருப்பவர்கள் நாள் முழுக்க இரட்டை வேகம் என்று நினைப்பதுண்டு. குதிரையை விரட்டி இரட்டைத் தூரம் போகலாம், ஆனால் சுமார் ஒரு மணி நேரத்துக்குத்தான்.

ஐஸ்விண்ட் டேல்ல குளிர் விதி எப்படி? கொஞ்சம் மிகையா இருக்கே?

ஃபாரன்ஹீட்டில் 0 பாகையோ அதற்குக் கீழோ, அதாவது சுமார் மைனஸ் 18 செல்சியஸ் என்றால், ஒவ்வொரு மணி முடிவிலும் டிசி 10 கான்ஸ்டிடியூஷன் சேவ். தோற்றால் ஒரு களைப்பு நிலை. சேவில் +1 உள்ளவர் 9 உருட்ட வேண்டும், தோற்க 40 சதவீத வாய்ப்பு. எட்டு மணி நேரத்தில் சராசரியாக மூன்று நிலைக்கு மேல். மூன்றாம் நிலையில் சேவ்களுக்கே டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சிறியது) வந்து சறுக்கல் வேகமெடுக்கும், ஆறில் மரணம். உணவும் நீரும் உண்டு நீள் ஓய்வு எடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு நிலைதான் குறையும். 2024 திருத்தத்தில் இந்தப் படிநிலைகள் இல்லை: ஒவ்வொரு நிலைக்கும் எல்லா இருபது முகப் பகடை உருட்டல்களிலும் 2 கழியும், வேகத்தில் 5 அடி கழியும், ஆறில் மரணம் என்பது மட்டும் அப்படியே.

மிகை என்று தோன்றுவதற்குக் காரணம் பாதி விதியைப் படிப்பது. குளிருடை அணிந்தவரும், குளிர்த் தாக்குதலுக்கு எதிர்ப்புள்ளவரும், அந்தச் சூழலிலேயே வாழும் இயல்பினரும் உருட்டாமலே வெல்வார்கள். இதனால் எதிர்ப்பக்கக் கோளாறு வரும்: எல்லாரும் முதல் கடையில் உடை வாங்கிவிட்டால் குளிர் காணாமல் போகும். அப்போது குளிரை உடை வழியாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தால், கான்ஸ்டிடியூஷன் எண் எத்தனையோ அத்தனை நிமிடம் தாங்கலாம். பிறகு நிமிடத்துக்கு ஒரு டிசி 10 சேவ். கரையேறிய பிறகு, நனைந்த உடை உலரும்வரை அது குளிருடை அல்ல என்று வையுங்கள். நெருப்பு மூட்டி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் காட்சி.

காலிம்ஷான் பாலைவனத்துல தண்ணி கணக்கு பார்க்கணுமா? தோல்பை இருக்கே.

பாருங்கள், ஒரு முறை பார்த்தாலே போதும். வெயில் நாட்டில் ஒருவருக்கு நாளைக்கு 2 கேலன். ஒரு தோல்பை அரை கேலன், நிறைந்தால் 5 பவுண்டு. ஆக நாளைக்கு நான்கு பை, 20 பவுண்டு. ஐந்து நாள் பயணத்துக்கு ஆளுக்கு 100 பவுண்டு தண்ணீர். ஸ்ட்ரெங்த் 10 உள்ளவர் தூக்கக்கூடிய மொத்தமே 150. ஒட்டகம் ஏன் தேவை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பாதித் தண்ணீர் குடித்தால் நாள் முடிவில் டிசி 15 சேவ்; அதற்கும் குறைந்தால் சேவ் இல்லாமலே ஒரு களைப்பு நிலை, ஏற்கெனவே களைத்தவருக்கு அது இரண்டாகும். குடிநீரே இல்லாமல் 100 பாகை ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் மணிக்கு ஒரு சேவ்: முதல் மணி டிசி 5, பிறகு மணிக்கு ஒன்று கூடும். நடுத்தர, கனக் கவசக்காரர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ். கிளெரிக்கோ ட்ரூயிடோ இருந்தால் நீரை உண்டாக்கும் முதல் நிலை மந்திரம் 10 கேலன் தரும், ஐந்து பேருக்கு ஒரு நாள் சரி. ஆனால் திறந்த கலம் வேண்டும். அண்டா கொண்டுவராத குழுவுக்கு மழையாகத்தான் விழும், மணல் குடித்துவிடும்.

ஒரு பிளேயர் விக்கி முழுக்கப் படிச்சுட்டு வந்து எல்லாத்தையும் சொல்லிடறார். என்ன செய்ய?

அவர் ஆர்வத்தை அடக்காதீர்கள். படித்தது எல்லாம் அவருடைய கதாபாத்திரம் கேள்விப்பட்டது, உறுதியானது அல்ல என்று முதலிலேயே பேசி வையுங்கள். சொந்த வட்டாரம் என்றால் உருட்டாமலே தெரியும். பக்கத்து நாட்டின் பொதுச் செய்திக்கு ஹிஸ்டரி டிசி 10. அரசியல், கோயில் உள்விவகாரத்துக்கு 15. தூர நாட்டுக்கோ மறைத்து வைத்ததற்கோ 20. இதோடு முன்னே சொன்ன ஆண்டுச் சிக்கலும் உதவும்: அவர் படித்தது 1372இன் செய்தி என்றால் 1490இல் அது பாட்டி சொன்ன கதை.

அமர்வின் நடுவே வாக்குவாதம் வந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் தேட வேண்டாம். டிஎம் முடிவு சொல்லி, குறித்து வைத்து, ஆட்டம் முடிந்தபின் பாருங்கள். முடிவு தப்பென்று தெரிந்தாலும் நடந்த காட்சியைப் பின்னோக்கித் திருத்த வேண்டாம். அடுத்த முறையிலிருந்து மாற்றுங்கள்.

1372ல கதை வெச்சிருக்கோம். டிராகன்பார்ன் ஆடலாமா?

ஃபேரூனில் டிராகன் சாயல் கொண்ட டிராகன்பார்ன் மக்கள் ஒரு இனமாக வந்து சேர்ந்தது 1385இல், ஸ்பெல்பிளேக்கின்போது, அபேர் என்ற இரட்டை உலகத்திலிருந்து. அந்த நிலம் அன்தர் நாட்டின் இடத்தில் வந்து விழுந்து டைமாந்தர் ஆனது. 1372இல் அப்படி ஓர் ஊரோ இனமோ கிடையாது.

வேண்டாம் என்று சொல்வதற்கு முன், ஆடுபவருக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். மூச்சுத் தாக்குதலும் எதிர்ப்பும் மட்டும் வேண்டுமென்றால் எண்களை அப்படியே வைத்து, நாகத்தின் ரத்தம் கலந்த ஒற்றை ஆள் என்று பின்னணியை மாற்றுங்கள். அந்த இனத்தின் வரலாறே வேண்டுமென்றால் கதையின் ஆண்டை நகர்த்துவதே நேர்மை.

என் கேரக்டருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்ல. ரெல்ம்ஸ்ல அது முடியுமா?

கடவுள்கள் இருக்கிறார்கள் என்பதை இங்கே மறுப்பது கடினம். 1358இல் தெருவில் நடந்தவர்கள் அவர்கள். வணங்க மறுப்பது முடியும். இறந்தவர்களின் ஆன்மா ஃபியூக் வெளிக்குப் போய், தங்கள் கடவுளின் அழைப்புக்குக் காத்திருக்கும். யாரும் அழைக்காதவர்களை இறந்தோரின் தலைவன் கெலம்வோர் தீர்ப்பிடுவான். சாமானியர்கள் ஒரே கடவுளைப் பிடித்துக்கொள்வதில்லை: கடலில் உம்பர்லீயைச் சாந்தப்படுத்துவார்கள், விதைக்கையில் சான்டியாவை வேண்டுவார்கள். கிளெரிக் மட்டும் பெயர் சொல்லியே ஆக வேண்டும்.

டெட் மேஜிக் இடத்துல மந்திரம் போட்டா ஸ்லாட் போயிடுமா?

மந்திரத்தைத் தாங்கும் மிஸ்ட்ராவின் நெசவு கிழிந்த இடங்கள்தான் இவை. இரண்டாவது கேள்வியில் சொன்ன பிரிவினைப்படி இது சட்டம் அல்ல, விதி. ஆன்டிமேஜிக் ஃபீல்டு மந்திரத்தின் வாசகத்தை அப்படியே பயன்படுத்துங்கள்: மந்திரம் அடங்கிவிடும், செலவழித்த ஸ்லாட் (மந்திரம் போட வைத்திருக்கும் அளவான வாய்ப்புகளில் ஒன்று) செலவழித்ததுதான்.

எல்லையைத் தாண்டிய பிறகு தெரிவித்தால் அது பொறி. தாண்டுமுன் தெரிந்தால் அது இடம். கையிலுள்ள வெளிச்ச மந்திரம் மங்கித் துடிக்கட்டும். மந்திர வாளின் மினுக்கம் போகட்டும். நாற்பது அடி முன்னால் இந்த அறிகுறியைக் கொடுத்தால், சுற்றிப் போகலாமா, விசார்டை வெளியே நிறுத்தலாமா என்று யோசிப்பார்கள்.

வாட்டர்டீப்ல டிராகனே நுழைய முடியாதாமே. டிராகன்பார்ன்? டிராகனா உருமாறுறவங்க?

நகரத்தைச் சுற்றி ஆகேரன் என்ற பழைய மந்திரவாதி நிறுவிய காப்பு டிராகன்களைத் தடுக்கிறது. அவருடைய டிராகன் தண்டத்தால் தொடப்பட்டவைக்கு மட்டும் விலக்கு. டிராகன்பார்ன் ஹியூமனாய்டு (மனித உருவ) வகை, காப்பு அவரைத் தொடாது. மனித வடிவில் வரும் வெள்ளி டிராகன்? உடல் எதுவாயினும் உயிர் டிராகன் என்பதால் தடுப்பதே சரி. இல்லாவிட்டால் வடிவம் மாறத் தெரிந்த டிராகன்களுக்கு அந்தக் காப்பு வெறும் அலங்காரம். அதே தர்க்கத்தில், நகரத்துக்குள் டிராகனாக உருமாறும் மந்திரவாதியை விட்டுவிடலாம். கிரிஃபின் மேல் பறக்கும் நகர வீரர்கள் விடமாட்டார்கள்.

கேம்பெய்ன்ல கோர்மிர் ராணியைக் கொன்னுட்டாங்க. இனி அதிகாரபூர்வக் கதையோட எப்படி ஒட்டறது?

ஒட்ட வேண்டாம். முதல் அமர்வு தொடங்கிய நாள்வரைதான் புத்தகத்தின் வரலாறு. அதற்குப் பிறகு உங்கள் மேசையின் வரலாறு. செய்தி ஓட்டத்தை நாள்கணக்கில் எழுதுங்கள்: தலைநகரில் அன்றே, 240 மைல் தள்ளியுள்ள ஊரில் மேலே சொன்ன கணக்குப்படி வேகநடையில் வருபவர் மூலம் எட்டாம் நாளில், வார் விசார்டுகளுக்கு மந்திரச் செய்தி மூலம் சில நிமிடங்களில். யார் முன்னால் அறிகிறார்களோ அவர்கள்தான் அடுத்த அடி வைப்பார்கள்.

குக்கிராமத்துல ஆள் செத்துட்டான். 500 தங்க வைரம் அங்க ரெட்டை விலை. அப்போ பாதி சைஸ் வைரம் போதுமா?

போதாது. இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரம் கேட்பது 500 தங்கம் மதிப்புள்ள வைரம். விலையேறிய ஊரில் சின்ன வைரமே 500க்கு விற்கும், அதனால் அதுவே வேலை செய்யும் என்று வாதிட்டால், கூட்டாளியிடம் பத்தாயிரம் கொடுத்து வாங்கிய கூழாங்கல்லும் வேலை செய்ய வேண்டும். ஒரு பெருநகரத்துச் சாதாரண விலையை அளவுகோலாக வையுங்கள், உதாரணமாக வாட்டர்டீப். அங்கே 500 பெறும் அளவு வைரம் எங்கும் தேவை. கிராமத்தில் அதற்கு 1,000 கொடுக்க நேரலாம், சுரங்க ஊரில் 400க்குக் கிடைக்கலாம்.

அநேகமாகக் கிராமத்தில் அந்த வைரமே இருக்காது, ஆகவே பயணம்தான். ரெய்ஸ் டெட்டின் கெடு பத்து நாள், சரியாக ஒரு டென்டே. 240 மைலை வேகநடையில் எட்டு நாளில் கடக்கலாம். உடலைச் சுமந்துகொண்டு சாதாரண வேகத்தில் போனால் பத்தாம் நாள் சாயங்காலம் கோயில் வாசலில் நிற்பார்கள், மந்திரம் போடவே ஒரு மணி நேரம் ஆகும். உடலைக் கெடாமல் காக்கும் ஜென்டில் ரிபோஸ் மந்திரம் தெரிந்தவர் இருந்தால் அது நீடிக்கும் பத்து நாளும் கெடுவில் சேராது. அதைக் கெடு முடியுமுன் போட வேண்டும். ஒன்பதாம் நாள் நினைவுக்கு வந்தால் மிச்சமிருப்பது அந்த ஒரு நாளும் மந்திரம் தரும் பத்தும்தான்.